வெண்ணிலா எழுத வேண்டிய மனு

பாகூர்
7 ஜனவரி 2024

என் கண்ணு வெண்ணிலாவுக்கு,

அப்பாவும் நானும் நலம். உன் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தது. மொத்தம் பதினொரு வரி. கன்னியர் மடத்து நவதுறவகத்தில் கைப்பேசி கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று ஆன பிறகு அதையும் இப்படிச் சுருக்கினால் நான் எதை வைத்துக்கொண்டு மாதத்தை ஓட்டுவது? வீட்டில் வா, போ என்று பேசியவள் கடிதத்தில் 'தாங்கள்' என்கிறாய். பள்ளித் தாளாளருக்கு எழுதியது போல இருக்கிறது.

மே 31 நீ துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள். அன்று மோட்டார் ரிப்பேர் கடை விடுமுறை என்று அப்பா இப்போதே பலகையில் எழுதிவிட்டார். பக்கத்து வீட்டு மணியம்மாளும் எங்களோடு வேனில் வருகிறாளாம். "எங்க ஊட்டுப் பொண்ணு மாரி வளந்த புள்ள, நான் வராம எப்டி?" என்கிறாள்.

ஒன்றரை வயதில் ஜன்னி கண்டு நீ நினைவில்லாமல் கிடந்தபோது, வில்லியனூர் மாதா கோவிலில் முட்டி போட்டு, 'பிழைத்தால் இவள் உனக்கே' என்று நேர்ந்துகொண்டேன். நீ ஆயிரம் முறை கேட்ட கதை. இருபத்தொரு வருடம் கழித்து அது நிறைவேறப் போகிறது. நிம்மதியாக இருக்க வேண்டியவள், பத்து நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன். ஏன் என்று புரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைவியம்மா சொல்வதைக் கேள். அடுத்த கடிதத்தைப் பெரிதாக எழுது.

அம்மா
ஜெயசுதா


திண்டுக்கல்
28 ஜனவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தாங்கள் சொன்னபடி நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். தோட்ட வேலை இந்த மாதம் எனக்கு. கத்தரியில் பூச்சி.

ஓர் உதவி வேண்டும். வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொருவரும் சபைத் தலைவிக்குத் தன் கைப்பட ஒரு மனு எழுத வேண்டும். யாருடைய கட்டாயமும் இல்லாமல் என் சொந்த விருப்பத்தின்பேரில் கேட்கிறேன் என்றும், ஏன் இந்த வாழ்வு வேண்டும் என்றும் அதில் இருக்க வேண்டும். எங்கள் அணியில் ஏழு பேர். ஆறு பேர் கொடுத்துவிட்டார்கள். நான் நான்கு முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

பள்ளியில் பேச்சுப் போட்டிக்கெல்லாம் தாங்கள்தானே எழுதிக் கொடுப்பீர்கள்? இதற்கும் ஒரு மாதிரி எழுதி அனுப்ப முடியுமா? அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு என் அன்பு.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்
வெண்ணிலா


பாகூர்
6 பிப்ரவரி 2024

அன்பு வெண்ணிலா,

நீ கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிவிட்டேன், இத்துடன் இருக்கிறது. எங்கேயாவது மாற்ற வேண்டுமென்றால் மாற்றிக்கொள். இரண்டாவது பத்தியை மட்டும் தொடாதே, அது நன்றாக வந்திருக்கிறது.

போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நான்காம் கட்டளை நடத்தினேன். தாய் தந்தையை மதித்து நட. ஆறாம் வகுப்பு ப்ரீத்தி எழுந்து, "டீச்சர், பன்னெண்டு வயசுல இயேசு சொல்லாம கோயில்லயே தங்கிட்டாரே. அவங்கம்மா மூணு நாளு தேடிகினே இருந்தாங்களே. அது கீழ்ப்படியாம போனதுதானே? நாங்க அப்டி பண்ணா முதுகு பழுத்துடும்" என்றாள். வகுப்பே சிரித்தது. "அப்புறம் வீட்டுக்கு வந்து அவங்க சொல்றதக் கேட்டு நடந்தாரு இல்ல? உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். என்னால்தான் அந்தக் கேள்வியை உட்கார வைக்க முடியவில்லை. தவளக்குப்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து மாறும்போதுகூட அதே நினைப்பு.

அந்த வயதில் நீ என்னை ஒரு கேள்விகூட எதிர்த்துக் கேட்டதில்லை. அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மனுவைப் பிழையில்லாமல் பார்த்து எழுது.

அம்மா


திண்டுக்கல்
10 மார்ச் 2024

அம்மா,

மனு திரும்பி வந்துவிட்டது. தலைவியம்மா என்னைக் கூப்பிட்டு, "கையெழுத்து உன்னோடது. எழுதுனது யாரு?" என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. "எங்கம்மா" என்றேன். அவர் திட்டவில்லை, சிரித்துவிட்டார். "ரெண்டாவது பத்தி ரொம்ப நல்லாருக்கு. அப்ப மே மாசம் உங்கம்மாவையே வரச் சொல்லு, அவங்களுக்கே வார்த்தைப்பாடு குடுத்துடலாம்." பிறகு தாளை என் கையில் கொடுத்து, "ஏப்ரல் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. நீயே எழுது. எழுத வரலேன்னா, வரலேன்னு எழுது" என்றார்.

'சொந்த விருப்பம்' என்கிற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது அம்மா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பிள்ளையார்குப்பத்தில் நர்சிங் சேரட்டுமா என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள், "மடத்துக்கே போறேம்மா" என்றேன். அன்றைக்கு நீ சேமியா பாயசம் வைத்தாய். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அது மடத்துக்குப் போகிற சந்தோஷமா, உன் முகம் தெளிந்த சந்தோஷமா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இங்கே எதுவும் வெறுப்பாக இல்லை. ஜெபம் பிடிக்கிறது. முதியோர் இல்லத்துக்குப் போகிற நாட்கள் மிகவும் பிடிக்கிறது. வெறுத்திருந்தால் எப்போதோ ஓடி வந்திருப்பேன்.

நீயே சொல்லிவிடு. இருக்கச் சொன்னால் இருக்கிறேன். வரச் சொன்னால் வந்துவிடுகிறேன்.

வெண்ணிலா


பாகூர்
24 மார்ச் 2024

வெண்ணிலா,

'இரு' என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். 'உடனே வா' என்று ஒன்று எழுதி, உறையில் போட்டு, தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "மோட்டாரு சுத்துதான்னு பாக்க நிமிசத்துக்கு ஒரு தபா கழட்டினா அது எப்டி சுத்தும்? அவள உடு சுதா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

நேற்று பங்குச் சாமியார் புகழ்வேந்தனிடம் போனேன். "சாமி, ஒரு நேர்ச்சைய வாபஸ் வாங்க முடியுமா?" என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "இன்னா டீச்சர் நீங்க? உங்க நகைய நேர்ந்துக்கலாம், உங்க ஆட்ட நேர்ந்துக்கலாம். இன்னொருத்தர் ஆயுச எப்டி நேருவீங்க? அது அன்னிக்கே செல்லாது" என்றார்.

"அவ என் புள்ள சாமி."

"புள்ளதான். ஆடு இல்லியே."

அங்கே அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுலடியார் எழுதியதைப் பதினாறு வருடமாக நடத்துகிறேன். அதற்குக் கீழேயே, பிள்ளைகளை எரிச்சலூட்டாதீர்கள் என்று பெற்றவர்களுக்கும் எழுதியிருக்கிறார். அதற்கு வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். முடியாத நாட்களிலும் நான் அங்கே போனதில்லை.

நீ சொன்ன அந்த இரண்டு நாளும் எனக்குப் பசியே இல்லை என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பசித்தது, வெண்ணிலா. நீ பார்க்கிறாய் என்று தெரிந்துதான் சாப்பிடாமல் இருந்தேன்.

நீ யாருக்கும் நேர்ந்துவிடப்பட்டவள் இல்லை. இரு என்றும் வா என்றும் நான் சொல்லப் போவதில்லை. நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

அம்மா


திண்டுக்கல்
28 ஏப்ரல் 2024

அம்மா,

மனு கொடுத்துவிட்டேன். 'இது என் விருப்பமா, என் அம்மாவின் விருப்பமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.' ஒரே வரி, என் கையால் எழுதினேன். தலைவியம்மா படித்துவிட்டு என் தலையில் கை வைத்தார். வார்த்தைப்பாடு இப்போது இல்லை. வெளியே போய் இரு, திரும்பி வர வேண்டும் என்று தோன்றினால் வந்து கதவைத் தட்டு என்றார்.

வீட்டுக்கு வரவில்லை அம்மா. மதுரையில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. தங்குவதற்கும் அங்கேயே இடம் உண்டு. நான் வீட்டுக்கு வந்தால் காலையில் நீ காபி ஆற்றும்போது உன் முகத்தைப் பார்ப்பேன். பார்த்தால், உனக்கு எது பிடிக்குமோ அது எனக்கும் பிடித்துவிடும். ஒரு வருடம் என்னைப் பார்க்க வராதே. அப்பாவையும் அனுப்பாதே. கடிதம் எழுது. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அதில் எழுதாதே.

உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே நான் செய்கிற முதல் காரியம் இது. உன்மேல் கோபம் இல்லை. முகவரி பின்பக்கம் இருக்கிறது.

வெண்ணிலா


பாகூர்
2 ஜூன் 2024

அன்பு வெண்ணிலா,

உனக்கு எழுத ஆரம்பித்து நான்கு வாரம் ஆகிறது. எடுத்த தாளிலெல்லாம், வெயிலில் குடை கொண்டு போ, ஞாயிறு பூசையை விடாதே, தலை காயாமல் முடியைக் கட்டாதே என்றுதான் வந்தது. அவற்றை எடுத்துவிட்டால் எனக்கு எழுத எதுவும் இல்லை என்று தெரிந்தபோது பயமாக இருந்தது. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மே 31 அன்று அப்பா கடையைத் திறக்கவில்லை. பலகையில் எழுதியது எழுதியதுதான் என்று வீட்டிலேயே இருந்தார். மதியம் இருவரும் ரசம் சோறு சாப்பிட்டோம். சாயங்காலம் மணியம்மாள் வந்தாள்.

"இன்னா டீச்சரே, வேன் வாணாம்னு சொல்லிட்டீங்களாமே. பொண்ணு சிஸ்டர் ஆவலியா?"

"இப்ப ஆவல."

"அப்ப ஊட்டுக்கு வர்றாளா?"

"வரல."

"அப்ப இன்னாதான் பண்ணப் போறா?"

"தெரியாது மணியம்மா."

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பெத்தவ உனக்கே தெரியாதா?"

"அவளுக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சா அவ சொல்வா" என்றேன். அவள் போன பிறகு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இப்போதும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

இதற்கு மேலே ஒரு வரியைக் கோடு போட்டு அடித்திருப்பதைப் பார்ப்பாய். 'உடனே பதில் போடு' என்று எழுதியிருந்தேன்.

அம்மா