எஸ்தர் அக்காவின் நோட்டில் என் வீடு

அன்பான எஸ்தர் அக்காவுக்கு,

அன்பான என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. நம் ஊர் தம்போயில் வெயில் அப்படியே கொளுத்துகிறது, எங்கள் பிளாட்டில் லிஃப்ட் மறுபடியும் கெட்டுக் கிடக்கிறது. போன வியாழக்கிழமை உங்கள் சர்ச் சபைப் பெண்கள் இரண்டு பேர் மூன்று மாடி ஏறி வந்தார்கள், உங்களுடைய நீல அட்டை நோட்டோடு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள். "எங்களுக்குச் சாமி இருக்கு, வேணாங்க" என்று கதவைச் சாத்தப் போனேன். "சாமிய விடும்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்றீர்கள். அதற்கப்புறம் வியாழக்கிழமை தவறியதே இல்லை. ஒரு நாள் கேட்டேன், "ஏன்க்கா இந்த வெயில்ல வீடு வீடா ஏறி எறங்கறீங்க?"

"அவரு போனதுக்கப்புறம் வீட்டுல சும்மா உக்கார முடியல கமலா. நடந்தா தூக்கமாச்சும் வருது லா."

அதை நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

நம்பித்தான் குமாரைப் பற்றிச் சொன்னேன். என் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை என்று மாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பாதி வீட்டுப் பிள்ளைகள் எல்லைப் பாலம் தாண்டி அங்கேதானே வேலைக்குப் போகிறார்கள், யாரும் சந்தேகப்படவில்லை. போதைப் பழக்கத்தில் பிடிபட்டு மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான் என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும்தான் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

வந்தவர்களில் சின்னவள், பக்கத்து வீட்டு லட்சுமி துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே, வாசலில் நின்று கேட்டாள்: "மகன் போதை மையத்துல இருந்து வந்துட்டாராம்மா? நாங்க ஜெபத்துல வச்சிருக்கோம்."

லட்சுமி திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"அக்கா எழுதி வச்சிருக்காங்க." நோட்டைத் திறந்தே காட்டினாள். பாவம், அவளுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

உங்கள் கையெழுத்துதான். "மூன்றாம் மாடி, பதினான்காம் எண். மகன் விஷயத்தில் உடைந்திருக்கிறாள். இதை வைத்துப் பேசலாம்." மருத்துவமனையில் உங்களுக்குக் கஞ்சி ஊட்டிவிட்ட அன்றைக்கும் எழுதியிருக்கிறீர்கள்: "கமலா வந்து அழுதாள். மனம் இளகுகிறது. விடக் கூடாது." நான் உங்களுக்காக அழுதேன் அக்கா. அதுகூடவா உங்களுக்குப் புரியவில்லை?

எங்கள் சாமிக்கு வா என்று நேராகக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், பாலில்லாமல் தே ஓ டீ கலக்கியும் கொடுத்திருப்பேன். ஒன்பது வருடத்தில் ஒரு வியாழக்கிழமையாவது சும்மா என்னைப் பார்க்க வந்தீர்களா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

குமார் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறான். மையத்துக்கு மாதா மாதம் அவனுக்குக் கடிதம் போட்ட ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் போனில் முதலில் கேட்டதே, "பெரியம்மா கல்லறைக்குக் கூட்டிட்டுப் போறியாம்மா?" என்பதுதான். கூட்டி வருகிறேன். லட்சுமி வழியாக இப்போது மாடியில் எல்லாருக்கும் தெரியும்; எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்டால், நான்தான் வாய் தவறி உளறிவிட்டேன் என்பேன். நோட்டைப் பற்றி மூச்சுவிட மாட்டேன். அவனுக்கு மிச்சமிருக்கும் பெரியம்மாவை நான் பறிக்க மாட்டேன்.

இது சத்தியம். அவனுக்காகத்தான், உங்களுக்காக இல்லை.

தங்கச்சி என்று நீங்கள் கூப்பிட்ட,
கமலா