ஒருமனதாக ஒத்திவைத்த டிராம்

அண்ணே,

இன்று காலை ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பைக் கையருகே கொண்டுபோனதும் அவள் முகத்தைச் சுளித்தாள். "அக்கா, அதுல கிரீஸு அப்பியிருக்கு. வேற எடுங்க." வேறு டேப் எடுத்து அளந்து அனுப்பிவிட்டு, இதை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். இன்னும் டவுன் பஸ் வாடைதான் அடிக்கிறது. எல்லாம் நீங்கள் பார்த்த வேலை.

உங்கள் ஹார்டுவேர் கடையில் இரும்பு டேப் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அதை விட்டுவிட்டு, பஸ் படியை அளக்க வேண்டும் என்று என் தையல் கடைக்கு வந்து இதைக் கேட்டீர்கள். ஏனென்று கேட்டதற்கு, "ஏறப்போறது நீதான, தங்கச்சி. ஓன் டேப்புலயே அளப்போம்" என்றீர்கள். பாளையம்பட்டி நிறுத்தத்தில் பஸ் நின்றதும் மேல் முனையைப் படியோடு சேர்த்து நான் பிடித்துக்கொண்டேன். கவுன்சிலர் என்ற நினைப்பே இல்லாமல் நீங்கள் வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் குத்தவைத்து, கீழ் முனையைத் தரையில் அழுத்தினீர்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், பஸ்ஸுக்குச் சட்ட தைக்கப் போறீகளா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நீங்கள் நிமிராமலே, "ஆமப்பா, இது வருசா வருசம் வளந்துக்கிட்டே போகுதுல்ல" என்றீர்கள்.

என் இடது கால் மடங்காது. சின்ன வயதில் வந்த வாதம். டவுன் பஸ்ஸில் நான் ஏற வேண்டுமென்றால் யாராவது கையைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும், பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டும். மூட்டையைக்கூடக் கொஞ்சம் பதமாக ஏற்றுவார்கள். நான் ஓட்டுக் கேட்டுப் போனபோது கும்பிட்டவர்கள்தான் பஸ்ஸில், "சட்டுன்னு ஏறும்மா" என்று கத்துகிறவர்களும். நானும் கவுன்சிலராக ஜெயித்து வந்ததும் நகர்மன்றத்தில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு வாய்த்தது. கூட்டத்துக்கு நான் ஏன் எப்போதும் தாமதமாக வருகிறேன் என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள். மற்றவர்கள் குறைதான் சொன்னார்கள்.

துபாயில் வேலை பார்த்த காலத்தில் தினமும் டிராமில் போய்வந்ததாக, படியை அளந்த அன்று சொன்னீர்கள். தண்டவாளம் ரோட்டிலேயே பதிந்திருக்கும், நிறுத்தத்தின் தரையும் வண்டியின் தரையும் ஒரே மட்டமாக இருக்கும், சக்கர நாற்காலிக்காரர் யார் உதவியும் இல்லாமல் உருட்டிக்கொண்டு உள்ளே போவார் என்றீர்கள். நான் நம்பவில்லை. "பொய் சொல்ல எனக்கென்ன கமிஷனா தாராங்க?" என்று கோபித்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் சின்ன ஊர்களில் இந்த மாதிரிப் போக்குவரத்து சரிப்படுமா என்று ஆய்வு செய்ய அரசாங்கம் மானியம் தருகிறது என்ற செய்தி வந்தது. நகர்மன்றம் தீர்மானம் போட்டு, தன் பங்காக ஒரு தொகை ஒதுக்கி, குறித்த தேதிக்குள் அனுப்ப வேண்டும். பாளையம்பட்டியில் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு, பெரிய ஆஸ்பத்திரி, ரயில் ஸ்டேஷன் என்று நீங்கள் வழித்தடமே போட்டுவிட்டீர்கள். ஊர் உங்களுக்கு 'டிராம் பாய்' என்று பெயர் வைத்தது. பந்தல்குடி லாரி டிரைவர் ஒருவர் டீக்கடையில், "எங்க ஊரு வரைக்கும் விடுவீகளா?" என்று வம்புக்கு இழுத்தார். "மொதல்ல ஓன் லாரிய ரோட்ட விட்டு எடு, வாரேன்" என்றீர்கள்.

மன்றத்தில் பெரிய எதிர்ப்பு, பஸ் ஸ்டாண்டு வார்டு உறுப்பினரிடமிருந்து வந்தது. "குடிக்கத் தண்ணி ஒழுங்கா வரல. டிராமு கேக்குதாக்கும்?" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கே உள்ளுக்குள் அந்தச் சந்தேகம்தான். ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு முடியாது என்றுதான் எழுதுவார்கள் என்று உங்களிடம் சொன்னேன். "எழுதட்டுமே. முடியாதுன்னு எழுதுறதுக்காவது ஒருத்தன் வந்து நிக்கணும்ல. இந்தூருல பஸ்ஸு ஏற முடியாம ஆளு நிக்கிதுன்னு அதுல ஒரு வரி வரும்ல" என்றீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும் என்று தோன்றியது. அண்ணே, உண்மையாகவே போதும் என்றுதான் தோன்றியது.

ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் நடையாய் நடந்தீர்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "பாதிக்கு மேல நம்ம பக்கம் சேந்துருச்சு தங்கச்சி. நீ மட்டும் லேட்டா வந்துறாத" என்றீர்கள். "பஸ்ஸு ஏத்திக்கிட்டா வாரேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனீர்கள். மறுநாள் காலை தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று தகவல் வந்தது. சாயங்காலமே அடக்கம்.

கூட்டத்துக்கு நான்தான் முதலில் வந்தேன். உங்கள் மேசையில் ரோஜா மாலை போட்டுப் படம் வைத்திருந்தார்கள். தலைவர் அம்மா இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம். பஸ் ஸ்டாண்டு வார்டுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நடிப்பில்லை, நிஜமான அழுகை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுக சீட்டு காலியா கெடக்கையில நாம என்னத்தப் பேச? அஜெண்டா கெடக்கட்டும். அவுக மரியாதைக்குக் கூட்டத்த ஒத்திவைங்க" என்றார். உறுப்பினர் இறந்தால் அப்படிச் செய்வது வழக்கம்தான்.

நான் எழுந்தேன். "அந்த ஒண்ண மட்டும் முடிச்சிட்டு எந்திரிப்போம்யா. அது அவுக கேட்டது. இந்த வாரத்தோட தேதி முடியுது."

மறுபக்கம் உட்கார்ந்திருந்த பெண் உறுப்பினர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். "புதைச்ச மண்ணு ஈரங்கூடக் காயல. அதுக்குள்ள டிராமா? ஊரு என்ன பேசும்?" உங்களிடம் ஆதரவு தருவதாகச் சொன்னவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆட்சேபம் உண்டா என்று தலைவர் அம்மா கேட்டார்கள். வாசலில் உங்கள் மச்சான் கண் கலங்கி, எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

அலுவலகத்தில் கேட்டேன். தீர்மானம் இல்லாமல் அனுப்ப முடியாது, அவசரக் கூட்டத்துக்கு அறிவிப்பு விட்டுக் கூட்டுவதற்குள் தேதி தாண்டிவிடும் என்றார்கள். தாண்டிவிட்டது. அடுத்த கூட்டத்தில் அந்தப் பொருளே இல்லை. உங்களுக்காக இந்த நகர்மன்றம் ஒருமனதாக ஏதாவது செய்தது என்றால், அது அந்த ஒத்திவைப்பு ஒன்றுதான்.

இன்று சாயங்காலம் கடையைச் சாத்தும்போது இந்த டேப்பைப் பையில் போட்டுக்கொண்டேன். பாளையம்பட்டிக்குப் புது டவுன் பஸ் விட்டிருக்கிறார்கள், நிறுத்தத்தில் அது வந்து நின்றபோது படி பழையதைவிட உயரம் போல் தெரிந்தது. அளந்துதான் பார்ப்போமே என்று டேப்பை எடுத்து மேல் முனையைப் படியோடு சேர்த்துப் பிடித்தேன். கீழ் முனை தரைக்கு மேலே காற்றில் ஆடியது. குனிந்து அதை அழுத்த என்னால் முடியாது. பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்க வாய் வரவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தேன், அண்ணே.