அப்பாவின் இடது தோள்

பந்தல்குடி,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஈவாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் வாயும் வம்புமாக நன்றாகவே இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

கோடையில் நம் பஞ்சர் கடையில் லாரி டயரைத் தூக்கும்போது அவருக்கு இடது தோளில் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். எதிர் டீக்கடைக் கருத்தப்பாண்டி அண்ணன் முட்டை வெள்ளையில் உளுந்த மாவைக் குழைத்துப் பத்துப் போட்டு, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அசைக்காமல் வைத்தால் போதும் என்றார். அவ்வளவுதான், நானும் அசையவே விடவில்லை. குளிக்க ஊற்றுவது, சட்டை மாட்டுவது, தலை சீவுவது எல்லாம் நான்தான், அவரும் புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். பொய் சொல்வானேன், எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பல வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் கை தோள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை.

அருப்புக்கோட்டையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் ஒன்றுமில்லை என்றார். மூட்டைச் சுற்றிப் பை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறதாம், அது தடித்துச் சுருங்கி மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வரக்கூடியதுதான் என்றார். ஊர் டியூபுக்கெல்லாம் ஒட்டுப் போட்டவனுக்கு ஆண்டவரே ஒட்டுப் போட்டுவிட்டாரே என்று அப்பா சிரித்தார். பயிற்சி கொடுக்கிற பெண் தீபலட்சுமி சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, நீங்க பார்த்த பக்குவந்தான் அதை இன்னும் இறுக்கிருச்சு. இனிமே அவுகளே செய்யட்டும், நீங்க தொடாதீங்க" என்று சொன்னாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனை. டியூபை ஏன் அரத்தால் உரசுகிறார்கள் என்று பசையைப் பற்றியே படித்த நீ ஒருமுறை சொன்னாய், அந்தச் சொரசொரப்புக்குள் பசை இறங்கி, காய்கிறவரை அசையாமல் அழுந்திக் கிடந்தால்தான் ஒட்டும் என்று. அப்பா தினமும் கடையில் ஒட்டுப் போட்ட டியூபை இறுக்கி முடுக்கி வைப்பாரே, அதையேதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவர் தோளுக்கும் செய்திருக்கிறோம். பரளச்சிப் பக்கமிருந்து வருகிற டிராக்டர் டயரில் ஒட்டிய கரிசல் மண் காய்ந்தால் தானே உதிர்ந்துவிடும், இது அப்படி உதிராது. வலிக்க வலிக்க அசைத்துத்தான் பிரிக்க வேண்டுமாம்.

வாசல் நிலைக்கு மேலே உருளை மாட்டிக் கயிறு போட்டிருக்கிறோம், நல்ல கையால் இழுத்து மற்றக் கையைத் தூக்க வேண்டும். சுவரில் விரலால் படிப்படியாக ஏற வேண்டும். அவர் பல்லைக் கடிப்பதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். அப்படியும் ஒரு நாள் ஆணியில் கிடந்த சட்டையை அவராகவே எடுத்து, முக்கால் மணி நேரம் முக்கி முனகிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பட்டன் மேலும் கீழுமாக இருந்தது, நான் சரிசெய்யவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நீ வருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் அந்தக் கயிற்றைத் தொடவில்லை. கேட்டால், "ஈவா வாரா, இனி எனக்கு எதுக்கு இந்தப் பாடு" என்கிறார். இப்போது விட்டுவிட்டால் பிறகு ரொம்பக் கஷ்டம் என்று தீபலட்சுமி சொல்லிவிட்டாள். நீ வந்தால் நான் செய்ததையெல்லாம் நீ செய்வாய், என்னைவிட நன்றாகவே செய்வாய், அதுதான் எனக்குப் பயம். அதனால் இப்போது வராதே தாயி. இதை எழுத எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார், உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. ஈவா யாரோடும் ஒட்டாமல் போய்விட்டாள் என்று சபையில் பேசுவார்கள், பேசட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேலையில் கவனமாக இரு, லேபில் அந்தப் பசை மருந்து வாசனையில் வெறும் வயிற்றோடு நிற்காதே. மறக்காமல் ஒன்று செய். நீ வரவில்லை என்று அப்பாவிடம் நீயே சொல், நான் எழுதியதைச் சொல்லாதே. கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவார், உடனே திரும்பக் கூப்பிடாதே, அந்தக் கோபத்தில்தான் கயிற்றை இழுப்பார். கை மேலே எழும்பியதும் நானே சொல்கிறேன், அப்போது வா. பஸ்ஸில் மேல்தட்டில் வைத்த உன் பெட்டியை நீ எடுக்காதே, அவர் ஏறி வந்து இறக்கட்டும்.

உன் அம்மா,
வே. ஜெயக்கொடி