ஒன்பது நிமிடத்தில் இறக்கினோம்

மார்ச் 4

இன்றைய விமானத்தில் எண்பது மூட்டை அரிசி, பன்னிரண்டு பீப்பாய் டீசல், ஆபீசருக்கு ஒரு சோபா. எங்கள் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஒரு பெல்ட் வேண்டுமென்று ஒரு மாதமாகக் கேட்கிறோம். அது வரவில்லை. எல்லாம் ஆறு பேர் முதுகில்தான் இறங்கியது, சோபா உட்பட.

இந்த மண் ஓடுபாதையில் ராணுவ விமானம் இன்ஜினை நிறுத்தாது. நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்று அதற்கே சந்தேகம். அது உறுமிக்கொண்டு நிற்க, நாங்கள் தூசியைத் தின்றுகொண்டே வால் கதவு வழியாக இறக்குவோம். கடைசிப் பெட்டியோடு நானும் குதித்து, தள்ளி ஓடிவந்து கட்டைவிரலைத் தூக்குவேன். கதவு மூடும், விமானம் பறக்கும். பதினான்கு நிமிடம்.

"பத்துக்குள்ள முடிங்கப்பா, என்ன பெரிய வேலை?" என்றார் ஆபீசர். கையில் டீ கிளாஸ்.

மார்ச் 7

லீவு கிடைத்துவிட்டது! நான்காவது மனுவில். மகளுக்கு இதயத்தில் ஓட்டை என்று மூன்று தடவை எழுதியபோது அசையாத மனிதர், இன்று சோபாவில் சாய்ந்தபடி கையெழுத்துப் போட்டார். 11ஆம் தேதி விமானம் காலியாகத் திரும்பும்போது ஏறிக்கொள்ளலாம். 12ஆம் தேதி காலையில் ஆபரேஷன்.

போனில் மகளிடம் சொன்னேன். "மயக்க ஊசி போடறப்ப நீதான் என் கையைப் பிடிச்சுக்கணும்" என்றாள்.

"பிடிச்சுக்கறேன்டா செல்லம்."

அவள் அம்மா போனை வாங்கினாள். "வந்து நில்லுங்க, அப்புறம் நம்பறேன்."

மார்ச் 9

பதினோரு நிமிடம். முதுகு என்னுடையது இல்லை.

மார்ச் 11

இதை எவன்கிட்ட போய்ச் சொல்றது?

விமானம் வந்ததும் முதல் வேலையாக என் பையை உள்ளே இருக்கையில் வைத்துக் கட்டினேன். பிறகு இறக்க ஆரம்பித்தோம். ஆபீசர் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். கடைசிப் பெட்டி கதவோரம் மாட்டிக்கொண்டது. தோளைக் கொடுத்து நெம்பினேன். சரிந்தது. அதோடு குதித்தேன், ஓடினேன், கட்டைவிரலைத் தூக்கினேன்.

கதவு மூடியது. விமானம் போயே போய்விட்டது.

"ஒம்பது நிமிஷம்!" என்று ஆபீசர் கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்டா, மடையன்! அப்புறம்தான் எங்கள் ஆறு பேரில் ஒருவன், மொட்டையன், கேட்டான்: "அண்ணே... நீங்க போகலையா?"

ரேடியோவில் கெஞ்சினோம். திரும்பி வர எரிபொருள் இல்லையாம். அடுத்த விமானம் 15ஆம் தேதி. என் பை மட்டும் லீவில் போயிருக்கிறது.

மார்ச் 12

எட்டு மணிக்கு ஆபரேஷன். போன் லைன் நாள் முழுக்கக் கிடைக்கவில்லை. தலைமையகத்தின் பாராட்டுச் செய்தி மட்டும் தங்குதடையின்றி வந்து சேர்ந்தது. ஆபீசர் அதை எங்களை நிற்க வைத்து வாசித்தார்.

மார்ச் 13

லைன் கிடைத்தது. "நல்லா இருக்கா." அவ்வளவுதான், மகளின் அம்மா போனை வைத்துவிட்டாள். மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 16

ஆஸ்பத்திரி. விமானத்துக்கு டயர் பஞ்சர் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள் அவள் அம்மா. என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். எழுந்து நின்று கட்டைவிரலைத் தூக்கியும் காட்டினேன்.

"நீயே டாட்டா காட்டி அனுப்பிட்டியா?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும். "சிரிக்க வைக்காதேப்பா, வலிக்குது" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள்.

அவள் தூங்கிய பிறகு, போர்வையைச் சரிசெய்துகொண்டே அவள் அம்மா கேட்டாள்: "அந்த ஒம்பது நிமிஷத்துல எங்க ஞாபகம் ஒரு தடவைகூட வரலையா?"

வந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"வரல" என்றேன்.