டோம்பிவிலிக்குப் போன பொங்கல்படி

4 டிசம்பர், புதன்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகள் விஜயலட்சுமி, மகன் பேச்சிராஜா, அப்புறம் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்ற ஒரு மனிதர். பேச்சிராஜாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. எனக்கா தெரியாது?

இருபத்தாறு வருஷம் முன்னால், இதே தாராவியில் முருகன் என்று பெயர் சொல்லி இட்லிக் கூடை சுமந்தவர். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒருநாள் போலீஸ் வந்து சாராயக் கும்பலை அள்ளிக்கொண்டு போனது. இட்லிக்காரரும் அன்றோடு மாயம். சிஐடி என்றும் நிஜப்பெயர் இசக்கிதுரை என்றும் பிறகு தெரிந்தது. அவர் கூடைக்குச் சட்னி அரைத்துக் கொடுத்த என் மகள் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. மறப்பேனா?

இப்போது ரிட்டையராம். கல்யாணமே பண்ணவில்லையாம். விஜயலட்சுமிக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டு வந்தாராம்.

எதிரே பட்டறை வைத்திருந்த அல்தாபை, கோடவுன் வைத்திருக்கிற ரவுடி பூதத்தான் வெட்டிக் கொன்றதைப் பார்த்த ஒரே சாட்சி விஜயலட்சுமி. தையல் மிஷினில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறாள். பூதத்தான் ஜாமீனில் சுற்றுகிறான். வாயைத் திறந்தால் நாக்கு இருக்காது என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறான். பிப்ரவரியில் கேஸ்.

"சாட்சி சொல்லி முடிக்க வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன், அத்தை."

"யாருக்கு யாருவே அத்தை? உமக்கு இட்லி விக்கவே துப்பில்ல, ஆள் காக்க வந்துட்டீரு."

விஜயலட்சுமி சிரித்தாள். புருஷன் செத்தபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அதுவும் எரிச்சல்.

9 டிசம்பர்

விஜயலட்சுமியை ரயிலேறிப் போகிற தூரத்தில், டோம்பிவிலியில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணனுக்குத் தெரியாமல் எங்கே ஒளிப்பீர் என்று பேச்சிராஜா குதித்ததால் அவனுக்கும் இடம் தெரியும்.

"யாரும் வரக் கூடாது அத்தை. நல்லதுக்கும் வேண்டாம், கெட்டதுக்கும் வேண்டாம்."

கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தே தூங்குகிறாராம். பெரிய வீரர். குறட்டை கேட்டே எதிரி ஓடிவிடுவான்.

22 டிசம்பர்

போன் பண்ணினாள். "எம்மா, டென்ஷன் எடுக்காத. அவரு இப்ப சட்னிக்கு உப்பு சரியாப் போடுதாரு."

"ஏட்டி, உசிரக் காப்பாத்தப் போனியா, உப்புப் பாக்கப் போனியா?"

"ரெண்டுந்தாம்மா."

வெட்கமில்லை. எனக்குத்தான் காது கூசியது.

12 ஜனவரி, ஞாயிறு

தங்கச்சிக்குப் பொங்கல்படி கொண்டுபோக வேண்டுமாம். பேச்சிராஜா ஒற்றைக்காலில் நிற்கிறான். பிறந்த வீட்டுச் சீர் போகாவிட்டால் சந்தில் தலைகாட்ட முடியாதாம். அவள் புருஷன் செத்த வருஷம் கொடுத்தாயா? அடுத்த வருஷம்? ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேச்சை மாற்றினான்.

"ஆளாளுக்குப் பேசுதாங்கம்மா. ஒரே வீட்ல ரெண்டு பேரும்..."

"பேசட்டும். நீ போகாத."

"சரி, போகல."

14 ஜனவரி, பொங்கல்

போயிருக்கிறான்.

15 ஜனவரி

எழுதித்தான் ஆக வேண்டும்.

தோளில் கரும்புக் கட்டு, கையில் வெண்கலப் பானை, மஞ்சள் குலை. தாராவியே பார்க்க ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறான். பொங்கலன்று கரும்போடு போகிறவன் கூடப் பிறந்தவள் வீட்டுக்குத்தான் போகிறான் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பூதத்தான் ஆட்கள் இரண்டு பேர் அதே ரயிலில் ஏறி, பின்னாலேயே போயிருக்கிறார்கள்.

அண்ணன் என்று கதவைத் திறந்தார் இசக்கிதுரை. சாத்துவதற்குள் பின்னால் வந்த ஒருவன் நுழைந்து விஜயலட்சுமியைப் பார்த்துக் கத்தியை ஓங்க, இவர் குறுக்கே விழுந்தார். வலது தோளிலிருந்து முழங்கை வரை வெட்டு. விஜயலட்சுமி அந்தப் பானையைத் தூக்கி வெட்டியவன் மண்டையில் போட்டாள். படி அதற்காவது உதவியது. இன்னொருவனை மாடிக்காரர்கள் பிடித்துக் கொடுத்தார்கள்.

பேச்சிராஜா? உள்ளே இருந்தான். பானையை வைத்த உடனே "எங்க படுக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டு அறைக்குள் போனானாம். படி கொடுக்கப் போகவில்லை அவன். பாயை எண்ணப் போயிருக்கிறான்.

ஒரு பாய்தான் இருந்தது. அவருக்குக் கதவோரம் நாற்காலி. நானும் விசாரித்துவிட்டேன்.

3 பிப்ரவரி

பூதத்தான் ஜாமீனை ரத்து பண்ணி உள்ளே போட்டாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவருக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. ஊட்டிவிட வேண்டியிருந்தது, என் தலையெழுத்து.

"அன்னைக்கு ஏன்வே சொல்லாமப் போனீரு?"

"சொல்ல வந்திருந்தா போயிருக்க மாட்டேன் அத்தை."

அடுத்த கரண்டியை நீட்டினேன். பேசாமக் குடியும் என்றேன்.

20 பிப்ரவரி, வியாழன்

கோர்ட். பூதத்தான் முகத்தைப் பார்த்தே சொன்னாள் என் மகள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

அவன் வக்கீலுக்கு நக்கல். எந்த உறவில் அந்த ஆளோடு ஒரே வீட்டில் இருந்தாய் என்று இந்தியில் கேட்டார். அவள் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நாங்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறோம் என்றாள். ஜட்ஜுக்குத் தெரிந்த பிறகுதான் பெற்றவளுக்குத் தெரிகிறது. அந்த மனிதருக்கும் அப்போதுதான் தெரிந்தது போல. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இவரெல்லாம் சிஐடி.

9 மார்ச், ஞாயிறு

மாட்டுங்கா கோயிலில் தாலி கட்டினார். ஒற்றைக் கையால் முடிச்சு விழவில்லை. அவருக்கு அக்கா தங்கச்சி கிடையாது. நான் போட்டேன். தாலி அறுத்த தாய்க்காரி தொடலாமா என்று பின்னால் முணுமுணுப்பு. விழாத முடிச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்?

பேச்சிராஜா வந்தான். அழுதான். "விடுங்க மச்சான்" என்று மாப்பிள்ளை இடது கையால் அணைத்துக்கொண்டார். விஜயலட்சுமியும் அவனுக்கு இலை போட்டாள். அது அவர்கள் பாடு. சொல்லாமல் ஓடிய இட்லிக்காரரைக்கூட இன்றோடு விட்டுவிட்டேன். "போகல" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனவன் ஒருவன் இருக்கிறான். அவனை மன்னிக்க மாட்டேன்.

பேச்சிராஜாவைத்தான் சொல்கிறேன்.