கறுப்பு உறைக்குள் மூன்று கெப்பாசிட்டர்

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று. முந்தல் ரோட்டில் கண் திறக்க முடியாத தூசி. பண்ணையில் இறால் தீவனம் இறக்கினோம். லொறிக்காரன் சிரித்துச் சிரித்துக் கதைத்தான், அதனால் அடி மூட்டைகளை நானே இழுத்துப் பார்த்தேன். இரண்டில் பூஞ்சணம். நினைத்தபடியே. கிடங்குப் பொறுப்பில் இருப்பவன் சிரிக்கிற ஆள்மேல் ஒரு கண் வைக்கத்தான் வேண்டும்.

பின்னேரம் நவ்பர் என் ரிமோட் காரைத் திருப்பித் தந்தான். பண்ணையின் எலக்ட்ரீசியன், பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி. போன மாதம் வரை அவ்வளவுதான். இப்போது தங்கச்சி ரினோசாவைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறான். ஞாயிறு வீட்டாரோடு வருகிறானாம். வாப்பா இல்லாத வீடு. நான்தான் வலி, அவளுக்குப் பொறுப்பாளி; நான் ஓம் சொன்னால்தான் நிக்காஹ்.

கார் விஷயம். முழு வேகம் கொடுத்தால் ஒரு விநாடி செத்துப் பிழைக்கிறது, அதைத் திருத்தத்தான் கொடுத்திருந்தேன். மோட்டர் ஒரேயடியாக இழுக்கும்போது பெட்டரியால் ஈடு கொடுக்க முடியாதாம். நடுவில் நின்று வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கொன்ட்ரோலர் மயங்கி விடுகிறதாம். அதன் பெட்டரி வயரில் மூன்று கெப்பாசிட்டர் வைத்து ஈயம் பற்றினால் அவை கரண்டைச் சேர்த்து வைத்து அந்த நேரம் கொடுக்கும். என் காருக்கும் தன் காருக்கும் ஒன்றாகச் செய்திருக்கிறான். இரண்டுக்கும் மேலே கறுப்பு உறை, சூடு காட்டிச் சுருக்கியது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது.

"ஏன்டா மூடின?"

"ஷோர்ட் ஆகாம இரிக்க மச்சான்."

இருக்கலாம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

பாண் நேற்றையது. இன்றையது என்று பேக்கரிக்காரன் சத்தியம் பண்ணினான்.

இறால் பிடித்து முடித்துக் காய விட்டிருக்கும் குளத்தில் ஓட்டிப் பார்த்தோம். தரை வெடித்து ஓடு ஓடாக, வெள்ளிக்கிழமை கார் ஓட்டப் போட்டிக்கு நல்ல இடம். என் கார் இரண்டு தரம் செத்தது. நவ்பரின் சிவப்புக் கார் ஒரு தரமும் சாகவில்லை.

"நீ ஒரே அமத்தா அமத்துற. கொஞ்சம் கொஞ்சமா குடு," என்றான்.

ஆக, பிழை என் விரலில்.

திரும்பும்போது அவன் யாருடனோ போனில்: "கொழும்புல மூணுதான் கெடச்சிச்சி. மத்தது பழசு." என்னைக் கண்டதும் கதையை மாற்றினான்.

இரண்டு காருக்கு ஆறு வேண்டும். புதுசு மூன்று. யார் கார் சாகிறது, யார் கார் சாகவில்லை? இதற்குமேல் என்ன ஆதாரம். காருக்கே இப்படிச் செய்கிறவன் என் தங்கச்சிக்கு என்னவெல்லாம் செய்வான்?

வாங்க: வீட்டுக்கு முட்டை, தேங்காய். உம்மாவின் பிரஷர் குளிசை.

ஓகஸ்ட் 7, வியாழன்

தலவில தேவாலயத் திருநாளுக்குப் போகிற பஸ்கள், ரோட்டைக் கடக்கவே பெரும்பாடு.

நவ்பர் வண்ணாத்திவில்லுக்குப் போயிருக்கிறான், மாமாவின் பம்ப் பழுதாம். தன் காரை என்னிடம் தந்து விட்டுப் போனான். நாளை நேரே ஓட்டத்துக்கு வருவானாம். அவ்வளவு நம்பிக்கையா, இல்லை நடிப்பா?

கிடங்கில் என்னிடம் ஒரு தந்திரம் உண்டு. எங்களுக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் ஒரே லொறியில் தீவனம் வந்தால், கடைசி நேரத்தில் "அவங்கட குவியல இங்க இறக்கு" என்பேன். சரியான ஆள் எதை வேண்டுமானாலும் இறக்குவான். கள்ளனுக்கு முகம் மாறும். இந்தச் சோதனை இதுவரை பிழையாய்ப் போனதில்லை.

உறையை வெட்டிப் பார்த்தால் வெட்டினது தெரிந்துவிடும். அதனால் இரண்டு காரிலிருந்தும் கெப்பாசிட்டர்களை உறையோடு கழற்றி மாற்றி வைத்தேன். அவனுடையது எனக்கு, என்னுடையது அவனுக்கு. என் ஈயம் கோழி எச்சம் மாதிரி விழுந்தது. பரவாயில்லை, அடிப்பக்கம்தானே.

ரினோசா தேத்தண்ணீர் கொண்டு வந்தாள்.

"நானா, அது அவர்ட கார் எல்லவா?"

"துடைக்கிறன்."

"ஈயம் வெச்சா துடைக்கிற?"

காரைப் புரட்டி வைத்தேன். அண்ணனை "நானா" என்கிற வாயால் அவனை "அவர்" என்கிறாள். இது எப்போதிருந்து?

ஓகஸ்ட் 8, வெள்ளி

ஜும்மா முடிந்து ஓட்டம். கூட்டாளிமார் எல்லாரும் வரம்பில். நவ்பர் வந்ததும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை. காரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நேர்கோட்டிலேயே என் கார் நின்றது. திரும்ப அமத்தினேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம், புகை, மீன் கருகின நாற்றம். அவனுடைய கார் பறந்தது. "என்டல்லாஹ், இதுக்கு என்ன புடிச்சிச்சி இண்டைக்கு?" என்று அவனே ஆச்சரியப்பட்டான்.

வென்றுவிட்டு நேரே என் காரிடம் வந்தான். புரட்டினான். நகத்தால் ஈயத்தைத் தட்டினான்.

"இது என்ட ஈயம் இல்லயே."

உறையைக் கீறினான். மூன்றும் பழசு, மண்டை வீங்கி வெடித்தது. பண்ணையில் பழுதாய்ப் போன விளக்குப் போர்டில் கழற்றினவை, எனக்குத் தெரியும். அந்தப் போர்டைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தவனே நான்.

அப்படியென்றால் பழசைத் தனக்கு வைத்துக்கொண்டு புதுசைத்தான் எனக்கு வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை புதுசு இருந்தும் செத்ததென்றால், என் விரல்தான்.

என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. காரைப் பையில் போட்டுக்கொண்டு பிளேன்டீயும் குடிக்காமல் போனான். நாசமாய்ப் போன புத்தி எனக்கு.

ஓகஸ்ட் 9, சனி

நவ்பருக்கு ஐந்து மெசேஜ். எல்லாம் வாசித்த நீலக் கோடு. பதில் இல்லை.

உம்மா வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி சீவுகிறார். பக்கத்து வீட்டில் கதிரை கேட்கவேண்டும்.

"எத்தன பேர் வருவாங்க மகன்?"

"தெரியா உம்மா."

"நீ கேக்கல்லயா?"

வருவார்களா என்பதே தெரியாது. இதை எப்படிச் சொல்ல.

ரினோசா கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "நானா, என்ன செஞ்சீங்க?" என்றாள். சொன்னேன், முழுவதும். குவியல் மாற்றுகிற கதையையும்.

"அவர் கள்ளனா எண்டு பாத்தீங்க, சரி. எனக்கு விருப்பமா எண்டு ஒருக்காலும் கேக்கல்லயே."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூட்டைக்கு மூட்டை கேட்டு எழுதுகிறவன் நான். வீட்டில் இருந்தவளைக் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

காற்று கொஞ்சம் அடங்கினது. கதிரைகள் துடைத்தாயிற்று. உம்மா புதுச் சேலை. நான் சேர்ட் மாற்றவில்லை, மனம் வரவில்லை.

அசர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம். நவ்பர், தனியாக. வீட்டார் யாருமில்லை. கையில் ஒரு பை. உம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

பைக்குள் அவன் காரும் ஈயம் பற்றுகிற கோலும்.

"ஒன்ட காரக் கொண்டு வா. இத சூடாக்கு. நீ கழட்டினத நீயே வை."

விறாந்தையில் உட்கார்ந்து அந்த மூன்று புதுசையும் அவன் காரிலிருந்து கழற்றினேன்.

"புதுச ஒனக்குத்தான் வெச்சன் எண்டு நீ சொல்லியிரிக்கலாமே."

"பொண்ணு கேக்கிறவன் ஒனக்குப் புதுசு தந்தா என்னண்டு நெனப்பாய்? லஞ்சம் எண்டுதான் நெனப்பாய். நீ அமத்துறவன், ஒனக்குத்தான் அது தேவ. வெச்சன். அவ்வளவுதான்."

உண்மை. அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வயர் நழுவிக்கொண்டே இருந்தது. அவன் வயரை விரலால் பிடித்துத் தந்தான். ஈயம் உருகி அவன் விரல் பக்கம் ஓடியது. சுட்டிருக்கும், விடவில்லை. பற்றி முடியும் வரை பிடித்திருந்தான். பிறகு விரலை ஊதிக்கொண்டே தன் வீட்டுக்குப் போன் எடுத்தான்.

"உம்மா, வெளிக்கிடுங்க."

வேன் வந்து சேர அரை மணித்தியாலமாவது ஆகும். எழும்பிக் குசினிக்குப் போனேன். ரினோசா கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒனக்கு விருப்பமா என்று கேட்டேன்.

"நான் சொல்றத நம்புவீங்களா, இல்லாட்டி மாத்தி வெச்சிப் பாப்பீங்களா?"

"நம்புறன்."

"அப்ப ஓம்."