மாமாவுக்கு வைக்காத வெற்றிலை பாக்கு

திண்டுக்கல்,
ஆவணி 8

அன்புள்ள செழியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தங்கை பவித்ரா, அவள் பாப்பா எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ போடும் சிரிப்பு வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வது என் வழக்கம், முகம் வாடியிருந்தால் அங்கே சாப்பாடு சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவேன். இரண்டு மாதமாக ஒரு வீடியோவும் வராததால் சென்னையில் நீ இளைத்திருக்கிறாயா பெருத்திருக்கிறாயா என்றுகூடத் தெரியவில்லை. போனில் கேட்டால் நல்லா இருக்கேன்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இன்னொன்று, போனில் நான் பேசினால் அடுத்த வாரமே என்னைப் போல நைட்டியை மாட்டிக்கொண்டு அதை ஊருக்கே பேசிக் காட்டுவாய். எழுதினால் என் குரல் உனக்குக் கிடைக்காது.

அந்தக் காதுகுத்து வீடியோவில் நீ தாய்மாமன் வேஷம் கட்டி, பத்திரிகையில் தன் பெயர் சித்தப்பா பெயரைவிடச் சின்ன எழுத்தில் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, பந்தியில் இரண்டாவது அப்பளம் வரவில்லை என்று இலையை விட்டு எழுந்து, எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்து யாராவது கூப்பிட வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்ப்பாயே, அதற்கு ஊரே சிரித்தது, நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, அது அச்சு அசல் என் அண்ணன், உன் மாமா. சின்ன வயதில் பவித்ராவுக்கு நடந்த காதுகுத்தில் அவர் அளந்தது நிஜ ஸ்கேல், வராத அப்பளமும் நிஜ அப்பளம். போதாததற்கு அந்த வேஷத்துக்கு இரண்டு பாக்கெட் வைத்த நீலக் கோடு போட்ட சட்டையைத் தைத்துக் கொடுத்தவள் நான், அளவுக்கு எடுத்தது அண்ணன் எப்போதோ இங்கே விட்டுப்போன சட்டை. பார்த்ததும் அவருக்குத் தன் சட்டை தெரியாமல் போகுமா. ஆக இதில் நாம் இரண்டு பேருமே கூட்டாளிகள்.

அந்த வாரத்தோடு நிலக்கோட்டைப் பூ நின்றுபோனது. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மாமா தன் பூக்கடையிலிருந்து மல்லிகைப் பொட்டலம் ஒன்றை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார், நான் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கி வருவேன். மூன்று வெள்ளி நின்று பார்த்து வெறுங்கையோடு திரும்பினேன், வேறு கடையில் பூ வாங்க மனசு வரவில்லை. அதை உன்னிடம் சொல்லி அழுதது என் தப்பு. நீ வீடியோவை நீக்கிவிட்டாய், இனிமேல் மாமா வேஷமே கிடையாது என்றாய், கோயம்புத்தூர் மேடை நிகழ்ச்சிக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். அதெல்லாம் போகட்டும், பாப்பா காதுகுத்துக்கு வரவில்லை, மாமா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று பவித்ராவிடம் சொன்னாயாமே, அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. நீ வராவிட்டால் பிள்ளையை யார் மடியில் வைத்துக் காது குத்துவது, பக்கத்து வீட்டு அப்துல் சுக்கூர் பாய் மடியிலா?

மில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நீ மொட்டை மாடியில் கொடிக்கயிற்றில் போர்வையைத் தொங்கவிட்டு முதல் வீடியோ எடுத்தபோது நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள், அதில் பதினொன்று நான். இந்தப் பையன் உருப்பட மாட்டான் என்று சொன்ன உன் அப்பாவிடம், போன மாதம் பல் டாக்டர் பல்லைப் பிடுங்கிக்கொண்டே நீங்கள் செழியன் அப்பாவா என்று கேட்டாராம், திறந்த வாயை மூடாமலே மனிதர் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறார். ஐந்து வருடம் ஒற்றை ஆளாக எழுதி, நடித்து, வெட்டி ஒட்டி வளர்த்ததை ஒரு பயத்துக்காக மூட்டை கட்டாதே.

ஆவணி முதல் தேதி அப்பாவை இழுத்துக்கொண்டு நிலக்கோட்டைக்கே போய்விட்டேன். மாமா வாங்க என்று சொன்னார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி, திட்டட்டும் என்று நான் முதலில் சட்டை விஷயத்தை ஒப்புக்கொண்டேன். கிண்டல் பண்ணியதற்காகத் திட்டுவார் என்று பார்த்தால் அவர் சொன்னது வேறு. “ஏம்மா புவனா, தாய்மாமன் இல்லாம நம்ம வீட்ல ஒரு காரியம் நடக்குமா? என்னைய வச்சு இம்புட்டுப் பெரிய காரியம் பண்ணிருக்கான், ஊரு உலகமெல்லாம் பாக்குது, ஒரு வெத்தல பாக்கு வச்சு மாமா வாங்கன்னு என்னையக் கூப்பிட்டானா?” என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. உள்ளேயிருந்து ஜக்கம்மாள் அத்தை வந்து, “பூ மார்க்கெட்ல ஒருத்தர் விடாம அந்த அப்பளத்தக் காட்டி என் மருமயன், என்னையத்தான் நடிச்சிருக்கான்னு சொல்றாரு, இங்கன மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு” என்று போட்டுக் கொடுத்துவிட்டார். நீ நீக்கிவிட்டாலும் வீடியோ அவர் வாட்ஸ்அப்பில் பத்திரமாக இருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பா கடைவீதிக்கு ஓடி வெற்றிலை பாக்கு, பழம் வாங்கி வந்தார், தட்டில் வைத்து உன் சார்பில் இரண்டு பேரும் முறையாக அழைத்தோம். தட்டை வாங்கிக்கொண்டு மாமா எங்களைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார், எனக்கு இரண்டு அப்பளம் வைத்தார்.

இனி விஷயம் என்னவென்றால் அடுத்த வீடியோவில் மாமா வேஷத்தை மாமாவே போடுவாராம். கண்ணாடி முன்னால் நின்று கோபித்துக்கொண்டு போகப் பழகுகிறாராம், வாசலைத் தாண்டுவதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது என்று அத்தை சொன்னார். அதை நீதான் சொல்லித்தர வேண்டும்.

காதுகுத்து இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே வந்துவிடு, எண்ணெய்க் குளியலுக்கு நேரம் வேண்டும். முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த நீலக் கோடு சட்டையைத் துவைத்துக் கொண்டு வா, மாமா கேட்கிறார். நேற்று வெள்ளிக்கிழமை, பூ வந்தது, தலையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இதோடு பத்திரிகையை வைத்திருக்கிறேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது மாமா, தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை போக வேண்டும் என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அச்சகத்துக்கும் அவரேதான் ஸ்கேலோடு போயிருக்கிறார். பிரித்துப் பார், தாய்மாமன் இளஞ்செழியன் என்று எவ்வளவு பெரிதாகப் போட வைத்திருக்கிறார். அவர் பெயர் கீழே கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. ஏன் அண்ணே என்று கேட்டேன், இந்த விசேஷத்துக்கு அவன்தானே மாமன் என்றார்.

நீ நூறு வருடம் நன்றாக இருந்து இந்த ஊரைச் சிரிக்க வைக்க வேண்டும், நம் குலதெய்வம் துணை இருக்கும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
புவனேஸ்வரி